விமானத்தின் வாலைப் பிடித்திருந்த கோடை

கல்யாணமாகி நான் செங்கல்பட்டுக்கு வந்தபோது எங்கள் வாடகை வீட்டில் ஒரு கூடமும் ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும் இருந்தன. அடுத்த வருஷத்துக்குள் கூடம் கைவிட்டுப் போயிற்று. அதில் ஒரு விமானம் வளர ஆரம்பித்திருந்தது.

பொம்மை விமானம் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. ‘மாடல்’ என்று சொல்ல வேண்டும். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒன்பதடி. பெட்ரோல் எஞ்சின் வைத்தது. ஓட்டுகிறவர் தரையில் நின்றுகொண்டு, கையிலிருக்கும் ரேடியோ பெட்டியால் அதை வானத்தில் திருப்ப வேண்டும். எழுபதுகளின் பிற்பாதி அது. செங்கல்பட்டில் அப்படி ஒரு சமாச்சாரம் உண்டென்று கேள்விப்பட்டவர்களே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது ‘பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை’ என்று சொன்னார்கள். இதைப் பழக்கம் என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

அவர் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் மெக்கானிக். பிறந்தது கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அவர்கள் வயலுக்கு மேலே தாழ்ந்து போகுமாம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி நாற்று நட்டார்கள். இவர் ஒருவர் மட்டும் குனியவே இல்லை என்று மாமியார் சொல்வார். மெட்ராஸுக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். இங்கிலீஷ் சுமாராகத்தான் தெரியும். படத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார்.

கெட்டவரில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி இல்லை, அடி இல்லை, சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூட ஒரு வார்த்தை வராது. அதுதான் என் சங்கடமே. எதற்குமே ஒரு வார்த்தை வராது. நானோ விழுப்புரத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் பிறந்தவள். அங்கே ஒருவர் வாயை மூடினால் உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே காலையில் அவர் கடைக்குப் போனால் சாயங்காலம் வரை நானும் சுவரும்தான். சாயங்காலம் அவர் வந்த பிறகு நானும் சுவரும் விமானமும்.

விமானத்தின் எலும்புக்கூடு மெல்லிய பிளைவுட்டும் கல்யாண முருங்கைக் கட்டையும். கல்யாண முருங்கை நெட்டி மாதிரி லேசாக இருக்கும். அதை இழைத்து இழைத்து வீடெல்லாம் தூள். எலும்புக்கூட்டின் மேல் துணி போர்த்த வேண்டும் என்றார். பட்டு வாங்கக் கட்டுப்படியாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் நின்றார். ஏதோ மனசிலுள்ளதைச் சொல்லப்போகிறார் என்று நானும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

“அந்த நைலக்ஸ் பொடவ கட்றியா நீ?” என்றார்.

எங்கள் அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்த புடவை. நீலத்தில் மஞ்சள் பூ. கட்டிக்கொண்டு போக இடம் இருந்தால்தானே கட்டுவது? எடுத்துக் கொடுத்துவிட்டேன். இறக்கை முழுக்க அதை இழுத்து ஒட்டி, மேலே டோப் என்கிற மருந்தைப் பூசினார். துணி தப்பட்டை போல விறைத்துக்கொண்டது. அந்த மருந்தின் நெடியில் தலை சுற்றும். பக்கத்தில் தீ காட்டினால் வீடே பற்றிக்கொள்ளும் என்று சொல்லி, என் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டார். ஒரு மாசம் வேப்பமரத்தடியில்தான் சமையல்.

வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்துப் பகுதியிலேயே குடியிருந்தார். பஜாரில் மளிகை மண்டி வைத்திருந்த பாய். அவர் மனைவியை நான் பாயம்மா என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் என்னோடு முழுசாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இன்னா பொண்ணே, ஏரோப்ளேன வூட்டுக்குள்ள வச்சிகினு அடுப்ப வெளிய வச்சிகிற! எங்க வூட்டாளு இந்த மாரி பண்ணாருன்னா நான் ரெண்டுத்தையும் சேத்துக் கொளுத்திருப்பேன்.”

ஆனால் அந்த விமானத்துக்கு ரேடியோ வந்ததே பாயம்மா தயவில்தான். அவர் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். ஜப்பானில் செய்த கன்ட்ரோல் பெட்டியும், அதன் பேச்சைக் கேட்கும் சின்னப் பெட்டியும், விரல் அளவு மோட்டார்கள் நான்கும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெட்டியை இயக்க சர்க்கார் லைசென்ஸ் வேறு வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் மெட்ராஸுக்கு எத்தனை நடை நடந்தார் என்று கணக்கில்லை. ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.

எஞ்சின் மட்டும் நம்மூருடையது. வயலில் பூச்சி மருந்து அடிக்க முதுகில் மாட்டிக்கொள்வார்களே, அந்த பவர் ஸ்பிரேயரின் எஞ்சின். கடையில் கழித்துப் போட்ட ஒன்றைக் கொண்டுவந்து, தேவையில்லாத இரும்பையெல்லாம் அறுத்துத் தள்ளி, முன்னால் தானே செதுக்கிய மரக் காற்றாடியை மாட்டினார். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு குண்டு. விமானம் எப்படிப் புரண்டாலும் குண்டு பெட்ரோல் இருக்கிற பக்கமே விழும், எஞ்சின் அணையாது. இதை எனக்கு அவரே சொன்னார். நான் கேட்காமலே அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். குழாயும் குண்டும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அதனால்தான்.

எஞ்சினை முதலில் கொல்லையில் கிளப்பிப் பார்த்தபோதுதான் எனக்கும் அந்த வேலையில் ஒரு பதவி கிடைத்தது.

“இந்தா, வாலப் புடி,” என்றார்.

விமானத்தின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வாலின் இரண்டு பக்கத்தையும் முழங்காலால் அணைத்து, கையால் அடித்தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அது காளைக் கன்று மாதிரி முன்னால் திமிறும். விட்டால் காற்றாடியோடு போய் எதையாவது வெட்டும். அவர் எதிரில் நின்று காற்றாடியைச் சுண்டினார். நாலைந்து முறை இருமிவிட்டு அது கத்த ஆரம்பித்தது பாருங்கள், தெருநாய்கள் எல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடின. காற்றில் என் கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் எண்ணெய்ப் புகை அப்பிக்கொண்டது. பாய் மண்டியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

எஞ்சின் நின்றதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “நல்லா புடிச்ச,” என்றார்.

வால் பிடிப்பது என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகம் கழுவும்போது அதை நினைத்து எனக்கே எரிச்சலாகவும் இருந்தது.

அந்தக் கோடையின் ஆரம்பத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வைத்திருந்தேன். மறந்தே போயிருந்தேன். ஆரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். போனால் அங்கேயே தங்கியாக வேண்டும், லீவுக்குத்தான் வரலாம். எங்கள் அப்பாவிடம் கேட்டால் ‘மாப்பிள்ளை என்ன சொல்றாரோ அது’ என்பார். சரி, மாப்பிள்ளையையே கேட்டுவிடலாம் என்று அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“ஆரணிப் பக்கம் டீச்சர் வேலை போட்டிருக்காங்க. ஜூன்ல சேரணும்.”

“ம்,” என்றார்.

ஈயம் உருகிப் புகைந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி. உண்மையைச் சொன்னால், போகாதே என்று அவர் சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். சொன்னால் போயிருக்க மாட்டேன். சொல்லிவிட்டு நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிடலாம். அது ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். அவரோ அடுத்த ஒயரை எடுத்தார். எனக்கு ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிற வழக்கமில்லை. உள்ளே போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.

பிறகு வந்த வாரங்கள் முழுக்க விமானத்துக்கு உள்ளுறுப்புகள் வைக்கிற வேலை. பேட்டரியை மூக்குக்குப் பின்னால் வைத்தார். சின்னப் பெட்டியைக் கடற்பஞ்சில் சுற்றிக் குழந்தை மாதிரி நடுவயிற்றில் படுக்க வைத்தார். ஒரு மோட்டார் பின்னால் இருக்கும் சுக்கானைத் திருப்பும், ஒன்று வாலை ஏற்றி இறக்கும், ஒன்று இறக்கையின் ஓரங்களை, ஒன்று எஞ்சினின் வேகத்தை. ஏரியல் ஒயர் உடம்பு முழுக்க ஓடி வால் உச்சியில் கட்டப்பட்டது. நான் விளக்கைப் பிடித்தேன், திருகாணியை எடுத்துக் கொடுத்தேன், ஒயரின் மறுமுனையைப் பிடித்தேன். ‘இத்த புடி’, ‘இன்னும் தூக்கு’, ‘வுடு’ என்ற மூன்றையும் வைத்து ஒரு மாசம் குடும்பம் நடத்த முடியும் என்று அப்போது கண்டுகொண்டேன்.

எல்லாம் மாட்டியதும் சமநிலை பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியில் குறித்த இடத்தில் இந்தப் பக்கம் அவர் ஒரு விரலும் அந்தப் பக்கம் நான் ஒரு விரலும் கொடுத்துத் தூக்கினோம். மூக்கு தொப்பென்று கீழே சாய்ந்தது. ஸ்பிரேயர் எஞ்சின் கனம். மாமல்லபுரத்துச் செம்படவர்களிடம் வாங்கி வந்த வலைக்குண்டு ஈயத்தை வாலுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுத் தூக்கினோம். இரண்டு பேருக்கும் நடுவில் விமானம். அதைத் தாண்டி அவர் முகம் இவ்வளவு பக்கத்தில். அந்த நேரத்தில் என் வழக்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் தடவையாகக் கேட்டேன்.

“என்னங்க, நான் ஆரணிக்குப் போகட்டுமா, வேண்டாமா?”

அவர் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் ரெண்டு குண்டு போடணும்,” என்றார்.

மறுநாள் பாயம்மாவிடம் சுவரோரம் நின்று அழுதேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தேதான் வரும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆம்பளங்கோ பேஜாரு புடிச்ச ஜென்மம் பொண்ணே. கேட்டா சொல்லாது, சொன்னா கேக்காது. நீ நேரா மூஞ்சிக்கு நேரா நின்னு, நான் இருக்கணுமா போவணுமான்னு கேளு.”

“கேட்டேன் பாயம்மா. ரெண்டு குண்டு போடணும்னாரு.”

பாயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு நானும் சிரித்தேன். அவர் உள்ளே போனதும் மறுபடி அழுதேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால், கடற்கரையை ஒட்டி ஒரு களர்நிலம் இருந்தது. மழைக்காலத்தில் உப்புத்தண்ணீர் நிற்கும். கோடையில் காய்ந்து சிமெண்டுத் தரை போல ஆகிவிடும். அங்கேதான் பறக்கவிடுவது என்று முடிவு. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில், இறக்கையை இரண்டாகக் கழற்றிப் போர்வையில் சுற்றி, உடலைப் பின்சீட்டில் கிடத்தி, நான் அதன் தலைமாட்டிலும் அவர் கால்மாட்டிலும் உட்கார்ந்தோம். கண்டக்டர் எட்ட நின்றே கேட்டார்.

“இன்னா அண்ணாத்த, ஆஸ்பத்திரிலேந்து எத்துகினு போறீங்களா?”

“ஏரோப்ளேன்,” என்றார் இவர்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பாவம், இந்த அம்மாவுக்குப் புருஷன் இப்படியா என்ற பார்வை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அன்று பறக்கவிடவில்லை. முதலில் ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விமானத்தோடு இருக்க, மற்றவர் கன்ட்ரோல் பெட்டியின் ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு, சுக்கானை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே விலகிப் போக வேண்டும். தூரம் போனபின் அவருக்குச் சுக்கான் தெரியாது. விமானத்தோடு இருப்பவர் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். வலது பக்கம் திரும்பினால் வலது கை, இடதுக்கு இடது கை. நடுங்கினால் கையை உதற வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். சுக்கான் வலது பக்கம் திரும்பியது, நான் வலது கையைத் தூக்கினேன். இடது, இடது கை. அவர் போய்க்கொண்டே இருந்தார். சவுக்குத் தோப்பின் ஓரத்தைத் தாண்டினார், உடைந்த படகொன்றைத் தாண்டினார். வெள்ளைச் சட்டையும் பெட்டியும்தான் தெரிந்தன. கடல் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமில்லை. ஆனால் அத்தனை தூரத்திலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஒவ்வொரு கைக்கும் காத்திருந்தார். நான் கொஞ்சம் தாமதித்தால் அங்கேயே நின்றுவிடுவார். தூக்கியதும்தான் அடுத்த அடி வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் இன்னும் போகட்டும், மாமல்லபுரம் வரைக்கும் போகட்டும், சாயங்காலம் வரை நான் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன் என்று இருந்தது. கூடவே, இதற்காகவா நான் இத்தனை ஏங்கிப்போயிருக்கிறேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்தோம். வாலை முழங்காலால் இறுக்கிக்கொண்டு ஒரு கையைத் தூக்கத் தயாராக இருந்தேன். அவர் முப்பது அடிகூடப் போயிருக்க மாட்டார், சுக்கான் ஜன்னி வந்த மாதிரி நடுங்க ஆரம்பித்தது. நான் கையை உதறினேன். அவர் ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். கோபத்தில் ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். எஞ்சினில் பொறி வெடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் ரேடியோவுக்குள் புகுந்துவிடுகிறது, பெட்டிக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால், எங்கள் வீட்டிலும் அதே கோளாறுதான் என்றிருப்பேன்.

அவர் அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். பிளக் ஒயருக்கு உலோக வலை சுற்றினார். அப்புறமும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போனார். எஞ்சினையும் வேகத்தை மாற்றும் மோட்டாரையும் இணைத்தது ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பி வழியாகத்தான் பொறியின் தொல்லை மோட்டாருக்குப் போய், அங்கிருந்து எல்லாவற்றுக்கும் பரவியிருக்கிறது. கம்பியைப் பிடுங்கிவிட்டு மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வைத்தார். கொல்லையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். சுக்கான் அசையாமல் நின்றது. எண்ணெய் படிந்த முகத்தோடு நான் ஒரு கையைத் தூக்கி ‘சரி’ என்று காட்ட, அவர் பல் தெரியச் சிரித்தார். சோறு ஆறிப்போயிருந்தது.

மறுபடி கடற்கரைக்குப் போனோம். எஞ்சின் ஓட, அவர் நடக்க, நான் கை தூக்க, உடைந்த படகுக்கு அப்பால் வரைக்கும் ஒரு நடுக்கமில்லை. திரும்பி வந்து அணைத்தார். இனி பறக்கவிட வேண்டியதுதான் பாக்கி. மே மாசம் முடியப்போகிறது. என் பெட்டியை நான் பாதி கட்டியிருந்தேன், அது அறையில் அவர் கண்ணெதிரேதான் திறந்து கிடந்தது. நேராகக் கேட்டு இரண்டு தடவை பட்டாயிற்று, மூன்றாம் தடவை கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சுற்றி வளைத்தேன். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, போகிறபோக்கில் கேட்பது மாதிரி கேட்டேன்.

“நான் போயிட்டா யார் வாலைப் பிடிப்பாங்க?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார். வாயைத் திறந்த மாதிரி இருந்தது. குனிந்து இறக்கையைக் கழற்ற ஆரம்பித்தார். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஏதோ யோசித்துக்கொண்டே வந்தார், இறங்கும் இடம் வந்ததைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல சேதி பாயம்மா, யோசிக்கிறார் என்று சுவரோரம் போய்ச் சொன்னேன்.

“யோசிக்கட்டும், யோசிக்கட்டும்,” என்றார் பாயம்மா. “இப்பத்தான் ஒறைச்சிகீது.”

அந்த வாரம் அவர் கடையிலிருந்து நேரம் கழித்துத்தான் வந்தார். கையில் கரி, உள்ளங்கையில் ஒரு தீக்காயம். என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றார். சாப்பிடும்போது இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பெட்டியில் மடித்து வைத்த புடவைகளில் இரண்டை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். எதற்கு அவசரம், அவர் வாயால் சொல்லட்டும், சொல்லிவிட்டால் மீதியையும் எடுத்துவிடலாம்.

பறக்கவிடும் ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியிருந்தது. களர்நிலத்தில் இறக்கையைப் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, நான் வழக்கம்போல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வாலுக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன்.

“இரு இரு, ஏந்திரு,” என்றார்.

சாக்குப் பையிலிருந்து அவர் ஒரு கனமான இரும்பு முளையை எடுத்தார். நுனி கூராக்கி, தலையில் வளையம் வைத்து உலையில் அடித்தது. சம்மட்டியால் தரையில் அறைந்து இறக்கினார். வளையத்தில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு ஊசி. கொக்கியை விமானத்தின் வால் சக்கரத்துத் தண்டில் மாட்டினார். ஊசியில் ஒரு நீளமான நூல் கட்டி, தான் நிற்கப்போகும் இடம் வரை இழுத்துக்கொண்டு போய்க் காலடியில் போட்டார். நூலைக் காலால் இழுத்தால் ஊசி கழன்று கொக்கி விடும். பிறகு சுக்கானில் ஒரு சிவப்புத் துணித்துண்டை ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தாலும் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சினைக் கிளப்பினார். விமானம் திமிறியது. முளை இம்மிகூட அசையவில்லை. அவர் ஏரியலை உள்ளே தள்ளி, சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். உடைந்த படகைத் தாண்டி அங்கேயிருந்து தலையை ஆட்டிக்கொண்டார், தனக்குத்தானே. என் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன்.

“நான் எங்க நிக்கணும்?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை. “எங்க வேணா நில்லு,” என்று கத்தினார்.

நான் தோப்பு நிழலுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் நூலைக் காலால் இழுத்தார். விமானம் ஓடி, குதித்து, ஏறியது. என் புடவைப் பூவெல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கடலுக்கு மேலே போய்த் திரும்பி, தோப்புக்கு மேலே வந்து, மறுபடி திரும்பியது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அழகாகத்தான் பறந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். அது பத்திரமாக இறங்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். இறங்கியது.

அன்று பஸ்ஸில் அவர் பேசினார். அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பும்போது சுக்கான் எப்படிக் கேட்டது, மேலே எஞ்சின் சத்தம் எப்படி மாறியது, இறங்கும்போது காற்று எப்படித் தூக்கப் பார்த்தது என்று கையை இறக்கை மாதிரி விரித்து விரித்துச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் அது எங்களுக்கு நடுவில் எங்கேயோ சிக்கிக் கிடந்தது. இப்போது சொல்லிவிடலாம், நான் போகவில்லை என்று நானே சொல்லிவிட்டால்தான் என்ன என்று வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு பரிசை நீட்டுவது போலச் சொன்னார்.

“ஒரு வாரமா இதே நெனப்பு. நீ வேலைக்குப் போவ ஏன் தயங்கறன்னு மொதல்ல எனுக்குப் புரியல. நீ அன்னிக்கிக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது, வால யாரு புடிப்பாங்கன்னு கவலப்பட்டுகினு கீறன்னு. பாத்தல்ல, முளை எப்டி நின்னுச்சின்னு? நீ இனிமே நிம்மதியாப் போலாம்.”

நான் “சரிங்க” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் மலை வந்தது, கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்ததில் அது சரியாகத் தெரியவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். மீதிப் பெட்ரோல் இருந்த டப்பாவைக் குனிந்து எடுத்து, நெடி எனக்கு அடிக்காதபடி மூடியை இறுக்கி, தன் காலுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.